கேக் விற்று ஓட்டிய படகு

டிசம்பர் 7 என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

பள்ளிக்கூட நாட்களில் குண்டூசியோடு வந்து சேரும் அந்தக் குட்டிக் காகிதக் கொடிதானே? வீட்டில் கெஞ்சி வாங்கிய சில்லறையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையில் கொடியைக் குத்திக்கொண்டு அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்தித் திரிந்திருப்போம். 1949-லிருந்து இந்தியாவில் கொடிநாள் இருக்கிறது. பணம் ராணுவ வீரர்களின் குடும்பங்களுக்குப் போகிறது என்பது பிறகுதான் புரிந்தது. அந்த வயதில் கொடிதான் முக்கியம்.

தெருவில் இறங்கி, உண்டியலைக் குலுக்கி, போகிற வருகிற எல்லோரிடமும் சில்லறை கேட்பது என்கிற இந்த யோசனைக்கு ஒரு பிறந்தநாளே இருக்கிறது. 1891, அக்டோபர் 10, சனிக்கிழமை. இடம், இங்கிலாந்தின் மான்செஸ்டர். பதிவான முதல் தெரு வசூல் அதுதான் என்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்தது ஒரு சாவு வீடு. ஒன்றல்ல, இருபத்தேழு.

கதைக்கு வருவோம்.

பிரிட்டனைச் சுற்றிக் கடல். கடல் என்றால் கப்பல், கப்பல் என்றால் விபத்து. மூழ்குகிறவர்களைக் காப்பாற்ற ஓர் அமைப்பு வேண்டும் என்று விடாப்பிடியாகக் கேட்டவர் சர் வில்லியம் ஹிலரி. ஐல் ஆஃப் மேன் தீவில் குடியிருந்தவர். கண்ணெதிரே கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவர். அவர் முயற்சியில் 1824, மார்ச் 4 அன்று லண்டனில் கூட்டம் போட்டு அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அதன் பெயர் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன். சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ.

இதில் வேடிக்கை, இது அரசாங்க இலாகா கிடையாது. தர்ம ஸ்தாபனம். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். மீனவர், தச்சர், கடைக்காரர் என்று அந்தந்த ஊர்க்காரர்கள்தான். அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓடவேண்டும்.

சரி, காசு?

ஆரம்ப வேகத்தில் பெரிய மனிதர்கள் கொடுத்தார்கள். பிறகு அந்த ஊற்று வற்றிவிட்டது. நடுவே 1854 முதல் 1869 வரை அரசாங்க மானியம் வாங்கிப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார்கள். மறுபடியும் பிரபுக்களின் சந்தாவும் நன்கொடையும்தான் கதி. வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, 1886, டிசம்பர் 9 இரவு வரைக்கும்.

அன்றைக்கு 'மெக்ஸிகோ' என்கிற ஜெர்மன் பாய்மரக் கப்பல், லிவர்பூலிலிருந்து தென் அமெரிக்காவுக்குக் கிளம்பிப் புயலில் சிக்கி, சவுத்போர்ட் பக்கம் மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. அபாய விளக்கைப் பார்த்து மூன்று ஊர்களிலிருந்து மூன்று படகுகள் கிளம்பின. மோட்டாரெல்லாம் கிடையாது. துடுப்பும் பாயும்தான்.

லிதம் ஊர்ப் படகு கப்பலை நெருங்கி, அதிலிருந்த 12 பேரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் படகுக்கு அதுதான் முதல் பயணம். செயின்ட் ஆன்ஸ் படகில் போன 13 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சவுத்போர்ட் படகு கப்பலுக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்தது. 16 பேரில் 14 பேர் போய்விட்டார்கள்.

காப்பாற்றப்பட்டவர்கள் 12. காப்பாற்றப் போய்ச் செத்தவர்கள் 27. விதவைகள் 16 பேர், தகப்பனை இழந்த குழந்தைகள் 50 பேர். அந்த ஸ்தாபனத்தின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இன்றுவரை இல்லை.

நாடு கலங்கிவிட்டது. நிவாரண நிதி திறந்தார்கள். விக்டோரியா மகாராணி பணம் அனுப்பினார். கப்பல் தங்கள் நாட்டுடையது என்பதால் ஜெர்மன் சக்கரவர்த்தியும் அனுப்பினார். பணம் குவிந்தது.

செயின்ட் ஆன்ஸ் ஊரில் அப்போது சார்லஸ் மக்காரா என்று ஒருவர் குடியிருந்தார். மான்செஸ்டர் பருத்தித் துணி வியாபாரத்தில் பெரிய புள்ளி. செத்துப்போனவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள். நிதி திரட்டுவதில் அவரும் இறங்கினார். வியாபாரி இல்லையா, பேரேட்டைப் புரட்டிப் பார்க்காமல் இருப்பாரா? பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

கடலில் ஒரு பெரிய துக்கம் நடந்தால் பணம் கொட்டுகிறது. துக்கம் ஆறியதும் நின்றுபோகிறது. மிச்ச நாட்களில் மொத்த பாரத்தையும் தாங்குவது விரல்விட்டு எண்ணக்கூடிய பணக்காரர்கள். அவர்கள் கையை விரித்தால் படகு கரையிலேயே நிற்கவேண்டியதுதான்.

கம்பெனி நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாலே நாலு வாடிக்கையாளரை நம்பி நடக்கிற வியாபாரம் எப்போதும் ஆபத்தில்தான் இருக்கிறது என்பார்கள். மக்காரா செய்த முடிவும் அதுதான். பெரிய கைகளைத் தேடி அலையவேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டுவோம். மில் தொழிலாளி கொடுக்கட்டும். ஒரு பென்னி போதும், ஆனால் எல்லோரும் கொடுக்கவேண்டும்.

எல்லோரும் எங்கே இருப்பார்கள்? தெருவில்.

மான்செஸ்டர் கடற்கரை ஊர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே பலபேர் உயிர்காக்கும் படகைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் படகையே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நம் ஊர்த் தேர் மாதிரி நிஜப் படகுகள் வீதி வீதியாக ஊர்வலம் வந்தன. முன்னால் பேண்டு வாத்தியம். பின்னால் 30 ஆயிரம் பேர். மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களையும் டிராம் வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தவர்களையும் சும்மா விட்டார்களா? ம்ஹும். நீளக் கம்பு நுனியில் சுருக்குப்பையைக் கட்டி மூக்குக்கு நேரே நீட்டிவிட்டார்கள்.

ஒரே நாளில் 5 ஆயிரம் பவுண்டுக்கு மேல் வசூல். அந்த நாளுக்கு 'லைஃப்போட் சாட்டர்டே' என்று பெயர் விழுந்தது. அடுத்தடுத்த வருடங்களில் மற்ற ஊர்களும் பிடித்துக்கொண்டன. மக்காராவின் மனைவி மரியான் இன்னொரு வேலை செய்தார். பெண்களைச் சேர்த்து வசூல் சங்கம் ஆரம்பித்தார். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் மகளிர் சங்கங்கள் வந்தன. கணவர் செய்ததைவிட நீடித்த வேலை அது என்பது என் கட்சி. ஊர்வலம் வருடத்தில் ஒரு நாள்தான். சங்கம் 365 நாளும் இருக்கும்.

தெரு வசூல் மற்றவர்களுக்கும் பிடித்துப்போனது. 1912-ல் அலெக்ஸாண்ட்ரா ராணியின் பெயரில் ஆஸ்பத்திரிகளுக்காகச் செயற்கை ரோஜா விற்றார்கள். முதல் உலகப் போர் வந்ததும் காகிதக் கொடிகள். எந்த முக்கில் திரும்பினாலும் யாராவது உண்டியலோடு நிற்கிற நிலைமை. கட்டுப்படுத்த 1916-ல் சட்டமே போட வேண்டியதாகிவிட்டது. தெருவில் வசூல் செய்ய இன்றைக்கும் அங்கே அனுமதி வாங்கவேண்டும்.

இப்போது அப்படிப்பட்ட ஒரு கிளையின் வருடத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

வருட ஆரம்பத்தில் கமிட்டிக் கூட்டம், பொருளாளர் கணக்கு வாசிப்பார். வசந்தம் வந்ததும் சர்ச் ஹாலில் 'காபி மார்னிங்'. வீட்டில் சுட்ட கேக்கைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்குவார்கள். ஒரு பக்கம் பழைய புத்தகங்கள், இன்னொரு பக்கம் குலுக்கல் சீட்டு. கோடையில் கொடிநாள், படகைப் பொதுமக்களுக்குத் திறந்துகாட்டும் நாள். இலையுதிர் காலத்தில் வினாடி வினா, இரவு விருந்து. வருடக் கடைசியில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை விற்பனை. எல்லாவற்றிலும் அதே இருபது முப்பது முகங்கள். பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள்.

பி.காம். படித்த புத்தி லேசில் விடாது. இந்தக் காபி மார்னிங்கைக் கணக்குப்போட்டுப் பாருங்கள். இந்தம்மா மாவு, வெண்ணெய், முட்டை வாங்கி ஒரு கேக் சுட்டுக் கொடுக்கிறார். அந்தம்மா காசு கொடுத்து அதை வாங்குகிறார். அந்தம்மா சுட்ட கேக்கை இந்தம்மா வாங்குகிறார். இரண்டு பேருக்கும் அரைநாள் போச்சு. இதற்குப் பேசாமல் ஆளுக்குப் பத்து பவுண்ட் செக் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாமே?

நியாயமான கேள்வி. ஆர்.என்.எல்.ஐ.யின் கணக்கைப் பார்த்தால் கேள்வி இன்னும் பலப்படும். அவர்களுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு உயில் சொத்துகள். இறந்துபோனவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போனது. அதற்குப் பக்கத்தில் கேக் விற்ற காசு சுண்டைக்காய்.

இன்டர்நெட் வேறு வந்துவிட்டது. 2021 ஜூலையில் ஓர் அரசியல்வாதி, கடலில் தத்தளிக்கிற அகதிகளைக் கரைசேர்க்கிறார்கள் என்பதற்காக இந்த அமைப்பை டாக்ஸி சர்வீஸ் என்று கிண்டல் செய்தார். கோபத்தில் மக்கள் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். சாதாரண நாளில் ஆன்லைனில் ஆறேழு ஆயிரம் பவுண்ட் வருகிற இடத்தில், ஒரே நாளில் 2 லட்சத்துக்கு மேல் வந்தது. இதைச் சம்பாதிக்க எத்தனை கேக் விற்கவேண்டும்?

அப்படியானால் கிளை எதற்கு? மூடிவிடலாமா?

பதில் சொல்வதற்கு முன்னால் உங்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போகவேண்டும். கார்ன்வால் கடலோரம், மௌஸல். எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'எலி வளை' என்று அர்த்தம் வரும். சின்ன மீனவ ஊர். கிறிஸ்துமஸுக்கு ஊர்க்காரர்கள் துறைமுகம் முழுக்க விளக்கு அலங்காரம் செய்வது வழக்கம்.

1981, டிசம்பர் 19. விளக்கு ஏற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சூறாவளிக் காற்றில் 'யூனியன் ஸ்டார்' என்கிற சரக்குக் கப்பலின் எஞ்சின் நின்றுவிட்டது. கப்பலில் 8 பேர். உயிர்காக்கும் படகுக்கு ஆள் சேர்ந்தது. அப்பாவும் பிள்ளையுமாக இரண்டு பேர் ஓடிவந்து நின்றார்கள். படகுத் தலைவர் அப்பாவை மட்டும் ஏற்றிக்கொண்டார். இப்படிப்பட்ட ராத்திரியில் ஒரு வீட்டிலிருந்து ஓர் ஆளுக்கு மேல் வேண்டாம் என்று மகனை நிறுத்திவிட்டார்.

மரப்படகு. எட்டுப் பேர் போனார்கள். கப்பலிலிருந்து நாலு பேரை எடுத்துவிட்டதாக ரேடியோவில் தகவல் வந்தது. மிச்சப் பேருக்காக மறுபடி முயன்றார்கள். அத்தோடு சத்தம் நின்றுவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் 8, காப்பாற்றப் போனவர்கள் 8, மொத்தம் 16 பேரும் போய்விட்டார்கள்.

மறுபடி நாடு கலங்கியது. அந்தக் குடும்பங்களுக்காக 30 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. அதில் வரி பிடிக்கலாமா என்று அரசாங்கம் யோசித்தபோது, மக்கள் கொதித்ததில் யோசனை கைவிடப்பட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது பணத்தைப் பற்றியல்ல.

விபத்து நடந்து ஒரு நாள் ஆவதற்குள், அதே ஊரில் புதிதாக ஒரு படகுக் குழுவுக்குத் தேவையான ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். துறைமுகத்தில் நிறுத்தப்பட்டாரே அந்த மகன், அவரும் பின்னாளில் அதே நிலையத்தின் படகுத் தலைவர் ஆனார்.

யோசித்துப் பாருங்கள். எந்தச் செக் புத்தகம் இதைச் செய்யும்? எந்த வெப்சைட் பட்டனை அமுக்கினால் இந்த ஆட்கள் வருவார்கள்? 'நம் படகு' என்கிற நினைப்பு இருந்தால்தான் வருவார்கள். அந்த நினைப்பு, படகு கடலுக்குப் போகிற அன்றைக்குத் திடீரென்று முளைக்காது. சின்ன வயதில் படகு வடிவ உண்டியலில் காசு போட்டது, அம்மா சுட்ட கேக்கை மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனது, திறந்துகாட்டும் நாளில் படகில் ஏறிப் பார்த்தது, வினாடி வினாவில் படகுத் தலைவரின் டீமைத் தோற்கடித்துக் கைதட்டியது என்று வருடக்கணக்காகச் சேர்வது.

உயில் சமாசாரமும் அப்படித்தான் என்பேன். முன்பின் தெரியாத ஸ்தாபனத்துக்கு யாரும் வீட்டை எழுதிவைப்பதில்லை. முப்பது வருடம் அந்த ஹாலில் டீ ஆற்றியவருக்குத்தான் கடைசியில் அப்படித் தோன்றும். கேக் காசு ஒரு கணக்கில் இருக்கிறது, உயில் காசு இன்னொரு கணக்கில் இருக்கிறது. பேரேட்டில் இரண்டுக்கும் சம்பந்தமே தெரியாது. பேரேட்டின் குறை அது.

மக்காரா தேடியது எண்ணிக்கையை. அவருக்குக் கிடைத்தது சொந்தக்காரர்கள். ஒரு பென்னி போட்டவனும் பங்குதாரர்தானே? டிவிடெண்ட் மட்டும் கிடையாது.

கவலை என்னவென்றால், அந்த ஹால்களில் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. 2020-ல் கொரோனா வந்து காபி மார்னிங், கொடிநாள் எல்லாவற்றையும் நிறுத்தியது. அதற்கு முன்பே, பின்பே என்று பல கிளைகள் மூடப்பட்டிருக்கின்றன. பணம் இல்லாததால் அல்ல. செயலாளராக இருந்த பாட்டிக்கு வயதாகிவிட்டது, அந்த நாற்காலியில் உட்கார அடுத்த ஆள் இல்லை. பணத்தை ஆன்லைனில் வாங்கிவிடலாம். அந்தப் பாட்டிக்கு மாற்று ஏற்பாடு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மௌஸலில் ஒவ்வொரு டிசம்பர் 19 அன்றும், ராத்திரி 8 மணிக்குக் கிறிஸ்துமஸ் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம். அந்த எட்டுப் பேருக்காக.

நம் தெருவிலும் ரசீது புத்தகத்தோடு யாராவது வந்து பெல் அடிப்பார்கள். கோயில் அன்னதானமோ, முதியோர் இல்லமோ, ரத்த தான முகாமோ. பத்து ரூபாயைக் கொடுத்து, ஆளை விட்டால் போதும் என்று கதவைச் சாத்துவதுதான் நம் வழக்கம். அடுத்த தடவை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"உங்க அடுத்த மீட்டிங் எப்போ சார்? நான் வரலாமா?"

வந்தவர் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவார். பிறகு நிச்சயம் நாற்காலி போடுவார்.