கவலைத் தோலும் பாலாற்றுக் கிணறும்: பழைய காகிதங்கள் சொல்லும் கதை

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயிலில் பயணம் செய்தவர்கள் பாலாற்றைப் பார்த்திருப்பீர்கள். வருடத்தில் பெரும்பகுதி அது மணல் ஆறுதான். ஆனால் அந்த மணலுக்கு அடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றுக்கால் வெட்டியும் கிணறு தோண்டியும் அந்த நீரை எடுத்தே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி மக்கள் நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தார்கள். இன்று அங்குள்ள பல கிணறுகளின் நீர் உவர்ப்பாகிவிட்டது. காரணம் கேட்டால், "தோல் ஷாப்புத் தண்ணீர்" என்று சிறுவர்கள்கூடச் சொல்வார்கள்.

சரி, எப்போதிலிருந்து உவர்ப்பாயிற்று? அதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது? இன்றைய நீரைச் சோதனைக்குழாயில் எடுத்துப் பார்க்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நீரை எந்தக் குழாயில் எடுப்பது? இங்குதான் விஞ்ஞானி வரலாற்றாசிரியனின் துணையை நாட வேண்டியிருக்கிறது. இருவரும் சேர்ந்து செல்ல வேண்டிய இடம் ஆவணக் காப்பகம்.

சிவப்புக் கட்டடம்

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அதுதான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1805-இல் கவர்னர் வில்லியம் பெண்டிங் பிரபு, சிதறிக் கிடந்த அரசாங்கக் காகிதங்களை ஓரிடத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார். 1909-இல் எழும்பூர்க் கட்டடம் எழுந்தது. 1911-இல் ஹென்றி டாட்வெல் என்ற வரலாற்றாசிரியர் அதன் பொறுப்பை ஏற்றார். 'மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸ்' என்று வழங்கிவந்த பெயர் 1973-இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்றாயிற்று. 1670 முதலான கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவுகள் இங்கே உள்ளன.

வேலூரைப் பற்றி இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது 1806 ஜூலை 10-ஆம் நாள் கோட்டையில் வெடித்த சிப்பாய்ப் புரட்சியைத்தான். அதன் விசாரணைக் காகிதங்கள் இரகசியத் தொகுதிகளில் இருக்கின்றன. ஆனால் புரட்சி ஒரு நாள் நிகழ்ச்சி. ஆற்றின் கதையோ நூறு ஆண்டுக் கதை. அதற்கு நாம் புரட்ட வேண்டியவை பரபரப்பே இல்லாத காகிதங்கள்: 1786-இல் தொடங்கி 1980-இல் கலைக்கப்பட்ட வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள், வட ஆர்க்காடு மாவட்டப் பதிவேடுகள், கடல்வழி வாணிபக் கணக்குகள், தொழில்துறை ஆணைகள், நிலவரித் திட்டப் பதிவேடுகள்.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். இவற்றில் ஒன்றுகூட நமக்காக எழுதப்பட்டதன்று. வரி வாங்குவதற்காக, வணிகத்தை அளப்பதற்காக, மேலதிகாரிக்குப் பதில் சொல்வதற்காக எழுதப்பட்டவை. எனவே எந்தக் காகிதத்தை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எதைக் கேட்டதற்காக எழுதினார்?

ஆவாரம் பட்டையின் காலம்

வட ஆர்க்காட்டில் தோல் தொழில் வளர்ந்ததற்குக் காரணங்கள் பல. தரிசு நிலமெங்கும் ஆவாரஞ்செடி மண்டிக் கிடந்தது. அதன் பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. பச்சைத் தோலிலுள்ள புரதத்தோடு டானின் சேர்ந்தால் தோல் அழுகாது, நீரில் ஊறினாலும் கெடாது. இதுதான் பதனிடுதல். ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடைசியில் கடுக்காய் நீரில் போட்டெடுத்தால் அந்தக் குறை நீங்கும். நீருக்குப் பாலாறு இருந்தது. சரக்கை அனுப்ப இருப்புப்பாதையும் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது நினைவிருக்கிறதல்லவா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள் இத்தொழிலை வளர்த்தார்கள். சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் இறங்கிப் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அரசாங்கக் காகிதங்களில் வணிகரின் பெயரைக் காணலாம், தோலின் எண்ணிக்கையைக் காணலாம், அதன் மதிப்பையும் காணலாம். குழியில் நின்றவரோ பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கில் ஓர் எண்ணாக மட்டுமே தென்படுவார்.

கிணற்றுக்காக வந்த குரோமியம்

இனி கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்புகளால் தோலைப் பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். பட்டை முறையில் வாரக்கணக்கில் நடந்த வேலை இந்த முறையில் ஓரிரு நாளில் முடிந்தது.

சென்னையில் இதைச் சோதித்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர். 1903-இல் அவர் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னை மாகாணத் தோல் தொழிலைப் பற்றி அவர் எழுதிய தனி நூல் வெளிவந்தது. குரோம் தோலை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அவர் எண்ணினார் தெரியுமா? செருப்புக்கு மட்டுமன்று, கிணற்றுக்கும்தான்! அந்நாளில் மாடு பூட்டி இறைக்கும் கவலைக்குத் தோல் தேவைப்பட்டது. பட்டைத் தோல் எப்போதும் நீரில் நனைந்து கிடந்தால் விரைவில் கெட்டுப்போகும். குரோம் தோல் நீண்ட நாள் உழைக்கும். அதனால் உழவனுக்குச் செலவு குறையும் என்பது அவருடைய கணக்கு.

இந்த முயற்சியின் முடிவும் காகிதங்களில் இருக்கிறது. அரசாங்கமே தொழில் நடத்துவதைத் தனியார் வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910-இல் இலண்டனிலிருந்த இந்தியா மந்திரி மார்லி பிரபு, அரசுப் பணத்தைத் தொழிற்கல்விக்குச் செலவிடலாம், வாணிபத்தில் இறக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். அரசாங்கக் குரோம் தொழிற்சாலை கைமாறியது.

அடுத்து முதல் உலகப் போர் வந்தது. படைவீரர்களின் பூட்சுகளுக்குத் தோல் வேண்டுமென்று 1916 முதல் பிரிட்டிஷ் யுத்த இலாகா சென்னையின் பதனிட்ட தோலை வாங்கத் தொடங்கியது. எத்தனை தோல், என்ன விலை, எந்தத் தரம் என்று கணக்குகள் குவிந்தன. இருப்பினும் நம் பகுதியில் நெடுங்காலம் பட்டை முறையே மேலோங்கியிருந்தது. 1948-இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுதாகச் சீர்செய்த தோலையும் தோல் பொருள்களையும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் கிடைத்தது. அதோடு குரோம் முறை பரவியது, இரசாயனங்கள் பெருகின, கழிவுநீரும் பெருகியது.

கிணற்று நீரை இறைக்க உதவும் என்று வந்த முறை, கடைசியில் கிணற்றுக்கே பகையாயிற்று.

ஆனால் பழி முழுவதையும் குரோமியத்தின் மேல் போடுவது விஞ்ஞானமாகாது. பதனிடும் தொட்டியில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமே கொடிய நஞ்சு. வயலைக் கெடுத்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு உண்டு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் பத்தில் மூன்று நான்கு பங்கு உப்பைத் தடவுகிறார்கள். தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு நீரில் இறங்குகிறது. சுண்ணாம்பு சேர்த்துக் குரோமியத்தை வீழ்படிவாக்கிவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் பிரியாது. மணல் வழியே இறங்கி, நிலத்தடி நீரோடு கலந்து, கிணறு கிணறாகப் பரவும்.

காகிதத்தில் இல்லாத கட்டம்

நிலவரித் திட்டப் பதிவேட்டைப் பாருங்கள். சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம் எது, ஒரு போகமா இரு போகமா, மண் என்ன வகை, தரம் எத்தனை, தீர்வை எவ்வளவு, பட்டாதார் யார் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கிணற்று நீர் இனிப்பா உவர்ப்பா என்று எழுத ஒரு கட்டம் இல்லை. வரிக்கு அது தேவைப்படவில்லை. ஏற்றுமதிக் கணக்கிலும் தோலின் மதிப்பு உண்டு, அந்தத் தோலைக் கழுவிய நீர் எங்கே போயிற்று என்பது இல்லை. கேட்காத கேள்விக்கு ஆவணம் நேராகப் பதில் சொல்லாது.

ஆனாலும் சுற்றி வளைத்துச் சொல்லும்! ஒரு வயல் இருபோக நஞ்சை என்று பழைய பதிவேட்டில் இருந்து, இன்று அங்கே சீமைக்கருவேல் மட்டும் நின்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்பது உறுதி. அது கழிவுநீரா, மணல் கொள்ளையா, மழைக்குறைவா, மேட்டுப்பகுதியில் கட்டிய அணைகளா என்று பிரித்தறிவது விஞ்ஞானியின் வேலை. முந்தைய நிலை என்ன என்று காட்டுவது ஆவணத்தின் வேலை.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

இதன் அருமை 1990-களில் புலப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வலுப்பெற்றது இந்த வழக்கில்தான்.

ஈடு செய்வதென்றால் யாருக்கு, எவ்வளவு? இழப்பைக் கணக்கிட, இழப்புக்கு முன் இருந்தது தெரிய வேண்டாமா? இதற்கென அமைக்கப்பட்ட ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேரைக் கண்டறிந்து, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் வழங்கக் கணக்கிட்டது. நபர் ஒருவருக்குச் சராசரி பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றின் நிலையை ஆராய்ந்து, விடுபட்டவர்களுக்கும் ஈடு வழங்க வேண்டும் என்றது. விடுபட்டவர் ஒவ்வொருவரும் காட்ட வேண்டியது என்ன? இன்ன நிலம் என்னுடையது, இன்ன கிணற்றில் இறைத்தேன் என்பதற்கான ஒரு காகிதம்தானே!

நாளைக்கு எது சான்று?

அரசாங்க அலுவலகங்களில் எல்லாக் காகிதங்களையும் வைத்திருப்பதில்லை. சில கோப்புகள் நிரந்தரமாக வைக்கப்படும். சில பத்தாண்டுக்கு, சில மூன்றாண்டுக்கு, சில ஓராண்டுக்கு மட்டுமே இருக்கும். "எங்கள் கிணற்று நீர் கரிக்கிறது" என்று ஒரு உழவர் கலெக்டருக்கு எழுதிய மனு எந்த வகையில் சேரும் என்பதை ஒரு குமாஸ்தா ஒரு நிமிடத்தில் தீர்மானித்திருப்பார். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு கிராமத்தின் சாட்சியமே மறைந்துபோக முடியும். கரையானும் ஈரமும் அரிப்பது ஒருபுறம் என்றால், இந்தத் தீர்மானம் அழிப்பது இன்னொருபுறம்.

மாவட்டத்தின் பெயரும் எல்லையும் மாறிவந்ததையும் கவனியுங்கள். 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகர் சித்தூர். 1989-இல் மாவட்டம் இரண்டாயிற்று. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மீண்டும் பிரிந்தது. இன்று ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே ஆற்றின் கதையைத் தேட வேண்டுமானால் பல பெயர்களின் கீழ் தேட வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களாக இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பட்டா, கிஸ்து ரசீது, தோல் மண்டிக் கணக்குப் புத்தகம், கூலிச் சீட்டு ஏதாவது இருக்கக்கூடும். குப்பை என்று தீயிலிட வேண்டாம். அதோடு இன்னொன்றும் செய்யலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஊர்க் கிணறு ஒன்றின் நீரை, கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் சோதித்து, தேதியிட்டு, கிணற்றின் சர்வே எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சர்க்கார் பதிவேட்டில் இல்லாத அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புகிறீர்கள். ஐம்பது ஆண்டு கழித்து யாராவது வந்து, "இந்தத் தண்ணீர் அப்போது எப்படி இருந்தது?" என்று கேட்டால், பதில் சொல்ல அந்த நோட்டு இருக்கும்.