சீட்டு ஒட்டிய டப்பாக்கள்

கணினிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளப் பொதுவான ஒரு வடிவம் வேண்டுமென்று 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் அறிவிக்கப்பட்டது. சமையலறை டப்பாக்களில் 'துவரம்பருப்பு', 'உளுந்து' என்று சீட்டு ஒட்டுவோமே, அதுபோல ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் அதன் பெயரைக் குறித்துவிடுவார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004-இல் இணையச் செயலிகள் கட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற கட்டமைப்பை வெளியிட்டார். 2006-இல் வந்த அதன் 1.1 பதிப்பில் ஒரு வசதி இருந்தது. கேட்பவர் மனிதரானால் வலைப்பக்கம், இன்னொரு கணினியானால் எக்ஸ்எம்எல். இரண்டையும் ஒரே நிரல் கொடுத்தது. எக்ஸ்எம்எல்லுக்குக் கூடுதலாக ஓரிரு வரிகள் எழுதினால் போதும்.

அனுப்புவதில் தொல்லையில்லை, வாங்குவதில்தான் வினை வந்தது. வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல்லில் 'இது எண்', 'இது தேதி' என்று என்ன சீட்டு இருந்தாலும் ரெயில்ஸ் நம்பியது. 'இது யாமல்' என்று வேறொரு வடிவத்தின் பெயரைச் சொன்னாலும் பிரித்துப் படித்தது. அந்த வழியே அந்நியர் தம் நிரலை நம் சர்வரில் ஓட்டிவிடலாம் என்று 2013 ஜனவரியில் தெரியவந்தது. அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு வந்த 4.0 பதிப்பில் எக்ஸ்எம்எல் வாங்கும் பகுதியையே தனியே பிரித்து வெளியில் வைத்துவிட்டார்கள். அதற்குள் எளிமையான ஜேசன் வடிவம் அதன் இடத்தைப் பிடித்திருந்தது.

சீட்டை ஒட்டியவர் யாரென்று தெரியாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது.