சார்ஜென்ட் கார்ட்டரின் சட்டையில் இல்லாத ரிப்பன்

அடர் சிவப்பு ரிப்பன், இரண்டு ஓரங்களிலும் மும்மூன்று வெள்ளைக் கோடுகள். அதில் தொங்கும் வெண்கல வில்லையில் ஒரு கழுகு. அதைச் சுற்றி திறமை, கண்ணியம், விசுவாசம் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள். இதுதான் அமெரிக்கத் தரைப்படையின் ‘குட் காண்டக்ட் மெடல்’, அதாவது நன்னடத்தைப் பதக்கம். 1941-இல் உருவாக்கப்பட்டது. அதிகாரிகளுக்குக் கிடையாது, சாதாரணச் சிப்பாய்களுக்கு மட்டுமே. பதக்கம் சேகரிப்பவர்கள் இதைத் திரும்பிப் பார்ப்பதே அபூர்வம். அவ்வளவு ஏராளமாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மலிவான பதக்கம் எட்வர்ட் கார்ட்டர் என்ற கறுப்பினச் சிப்பாய்க்கு வந்து சேர்ந்தபோது அவர் இறந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைவிடப் பெரிய பதக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதுதான் இதில் விசித்திரம். அந்தக் கதைக்குப் போகும் முன் ரிப்பன்களை வாசிக்கக் கொஞ்சம் பழகிக்கொள்வோம். இராணுவப் பெருமை என்றாலே நம்மில் பலருக்கு ஒவ்வாது, அது நியாயமும்கூட. ஆனால் யாரை மதித்தோம், யாரை மதிக்கவில்லை என்ற கணக்கை ஓர் அரசு வண்ண வண்ணமாக எழுதி வைத்திருக்கும்போது அதைப் படிக்கத் தெரியாமல் இருப்பது நமக்குத்தான் நட்டம்.

அமெரிக்கச் சிப்பாய்களின் சீருடையில் இடது மார்பில் வண்ணத் துண்டுகள் அடுக்கடுக்காக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்போம். ஒவ்வொன்றும் சுமார் 35 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் உயரம். ஒவ்வொரு துண்டும் ஒரு பதக்கத்துக்குப் பதிலாக நிற்பது. உயர்ந்தது மேல் வரிசையில், அணிந்திருப்பவரின் வலது கைப் பக்கமாக இருக்கும். அங்கிருந்து வரிசையாகத் தகுதி இறங்கிக்கொண்டே போகும். வெளிர்நீலத்தில் ஐந்து வெள்ளை நட்சத்திரங்கள் இருந்தால் அது ‘மெடல் ஆஃப் ஹானர்’, அந்நாட்டின் உச்ச விருது. நடுவில் நீலம், ஓரத்தில் சிவப்பு, இடையே வெள்ளைக் கோடு என்றால் அதற்கு அடுத்த நிலையில் உள்ள ‘டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்’. பாதி கறுப்பு, பாதி சிவப்பு, ஓரத்தில் வெள்ளை என்றால் போர் முடிந்தபின் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ ஆக்கிரமிப்புப் படையில் இருந்தவர்.

ஊதா நிறம், வெள்ளை ஓரம் என்றால் ‘பர்ப்பிள் ஹார்ட்’. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவருக்கும் உயிரிழந்தவருக்கும் தருவது. அந்தப் பதக்கத்தின் நடுவே பொறித்திருப்பது ஜார்ஜ் வாஷிங்டனின் முகம். வாஷிங்டன் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த பண்ணை முதலாளி. அடிமையின் பேரன் ரத்தம் சிந்தினால் ஆண்டையின் முகத்தை மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். சேகரிப்பாளர்களின் கையேடுகள் இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பழகிய சேகரிப்பாளர் ரிப்பன் வரிசையைப் பார்த்ததும் பொருத்தம் பார்ப்பார். பழைய துணிதானா என்று புற ஊதா விளக்கில் காட்டிப் பார்ப்பார், பிற்காலத்து இழையாக இருந்தால் பளிச்சென்று ஒளிரும். போர்க்களத்தில் காயம்பட்ட பதக்கம் இருக்கிறது, ஆனால் அந்தப் போர்முனைக்குப் போனதற்கான ரிப்பன் இல்லை என்றால் வியாபாரி கோத்துவிட்ட வரிசையோ என்று சந்தேகப்படுவார். ஏழெட்டு ஆண்டு பணிசெய்த சிப்பாயிடம் நன்னடத்தைப் பதக்கம் இல்லையென்றால் அங்கேயும் நிற்பார். ஏனென்றால் அது மேலதிகாரி பார்த்து ‘சரி’ சொன்னால்தான் வரும். யாரோ எங்கோ ‘கூடாது’ என்று எழுதியிருக்க வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளக் காகிதம் வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விடுவிப்புச் சான்றில் பதக்கங்களின் பட்டியல் இருக்கும். பணிக்கோப்புகள் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசிய ஆவண மையத்தில் இருந்தன. 1973 ஜூலை 12 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான கோப்புகள் எரிந்தன. 1912-இலிருந்து 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. இன்றைக்குப் பல குடும்பங்களுக்குப் பரணில் கிடக்கும் பதக்கம் ஒன்றே சான்று.

ஆனால் கறுப்பினச் சிப்பாய்கள் விஷயத்தில் அந்தத் தீயைக் குறைசொல்ல முடியாது. அவர்களுக்கான காகிதம் அதற்கு வெகு முன்பே இல்லாமல் போயிருந்தது. சாதிச் சான்றிதழுக்காக மக்களோடு அலுவலகப் படியேறி இறங்கும் எங்களுக்கு ‘கோப்பில் அப்படி எதுவும் இல்லையே’ என்ற பதில் நன்றாகவே பழக்கம். அதே பதிலை அமெரிக்க இராணுவம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஹென்றி ஜான்சனை எடுத்துக்கொள்வோம். ஆல்பனி ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கியவர். முதல் உலகப்போரில் அவர் இருந்த 369-ஆவது காலாட்படைப் பிரிவு முழுக்கக் கறுப்பினத்தவர். அவர்களைத் தன் வெள்ளைப் படைகளோடு நிறுத்த மனமில்லாத அமெரிக்கா, பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது. 1918 மே மாதத்தில் ஓர் இரவு காவலில் இருந்தபோது ஜெர்மானியர் கூட்டமாகத் தாக்கினார்கள். ஜான்சன் துப்பாக்கி வேலை செய்யாமல் போனபின் கத்தியால் சண்டையிட்டு, காயம்பட்ட கூட்டாளி பிடிபடாமல் காப்பாற்றினார். அவர் உடம்பில் 21 காயங்கள். பிரான்ஸ் உடனே ‘குவா த கேர்’ பதக்கம் கொடுத்தது. பச்சை ரிப்பனில் சிவப்புக் கோடுகள். அக்காலத்து அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாயின் படத்தில் அந்த ரிப்பன் தெரிந்தால், அதை மதித்துக் கொடுத்தது அந்நிய நாடு என்று புரிந்துகொள்ளலாம். சொந்த நாடு எதுவும் கொடுக்காமலே 1929-இல் ஜான்சன் இறந்தார். பர்ப்பிள் ஹார்ட் 1996-இல் வந்தது. மெடல் ஆஃப் ஹானர் 2015-இல் வந்தது. 2023-இல் லூசியானாவில் ஓர் இராணுவ முகாமுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதற்கு முன் அந்த முகாமுக்கு இருந்தது, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி போல்க்கின் பெயர். 2025-இல் மறுபடி ‘போல்க்’ ஆக்கிவிட்டார்கள், அதே குடும்பப்பெயர் உள்ள வேறொரு தளபதியைக் காட்டி.

அதே போரில் இறந்த ஃப்ரெடி ஸ்டோவர்ஸுக்கு உச்ச விருதுக்கான பரிந்துரையே போயிருந்தது. காகிதம் எங்கோ தவறிவிட்டது என்றார்கள். 1991-இல்தான் அவருடைய சகோதரிகள் கையில் பதக்கம் வந்தது.

இரண்டாம் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பினத்தவர் பணியாற்றினார்கள். அந்தப் போருக்காக மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்கள் 400-க்கும் மேல். 1990-களின் நடுப்பகுதி வரை அதில் கறுப்பினத்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. ‘பரிந்துரை வரவில்லை, அதனால் விருது இல்லை’ என்பதே விளக்கமாக இருந்தது. பரிந்துரைக்கும் அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர். 1993-இல் இராணுவம், வட கரோலினாவில் உள்ள ஷா பல்கலைக்கழகத்திடம் இதை ஆராயச் சொன்னது. அது கறுப்பின மக்களின் பழம்பெரும் கல்வி நிறுவனங்களில் ஒன்று. ஆய்வாளர்கள் தேடினார்கள். பரிந்துரைக் காகிதங்கள் உண்மையிலேயே கிடைக்கவில்லை. ஆனால் ரூபன் ரிவர்ஸ் என்ற வீரரின் வெள்ளை கேப்டன், ‘நான் அன்றே பரிந்துரைத்தேன்’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். படையில் நிலவிய நிறவெறியே காரணம் என்ற முடிவுக்கு ஆய்வு வந்து, பத்துப் பேரைப் பரிந்துரைத்தது. 1997 ஜனவரி 13 அன்று கிளின்டன் ஏழு பேருக்கு விருது அறிவித்தார். உயிரோடு வந்து வாங்கியவர் 77 வயது வெர்னான் பேக்கர் ஒருவர் மட்டுமே. மற்ற ஆறு பேரும் இறந்திருந்தார்கள்.

பழைய கணக்கைத் திறப்பது மரபல்ல என்று இராணுவம் சொல்ல முடியாது. 1917-இல் அவர்களே 911 பேரின் மெடல் ஆஃப் ஹானரை ரத்து செய்தவர்கள்தான். அதை வாங்கிய ஒரே பெண்ணான மருத்துவர் மேரி வாக்கரும் அந்தப் பட்டியலில் இருந்தார் (1977-இல் திருப்பிக் கொடுத்தார்கள்). அந்த 1917 பட்டியலில் சிக்காத பதக்கங்கள் சில உண்டு. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் லக்கோட்டா பழங்குடிகள் 250 பேருக்கும் மேல், பெண்களும் குழந்தைகளுமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் பங்கெடுத்த சுமார் 20 சிப்பாய்களுக்கு அதே உச்ச விருது. 2024-இல் மறுஆய்வுக்கு உத்தரவிட்டார்கள். 2025 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத், பதக்கங்கள் அப்படியே இருக்கும் என்று அறிவித்தார்.

இப்போது கார்ட்டருக்கு வருவோம். 1916-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். பெற்றோர் மிஷனரிகள். அதனால் சிறுவயதில் நம் கல்கத்தாவிலும் பிறகு ஷாங்காயிலும் வளர்ந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்து ஆபிரகாம் லிங்கன் பிரிகேடில் போரிட்டார். 1941-இல் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து விரைவிலேயே ஸ்டாஃப் சார்ஜென்ட் ஆனார். ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது கொடுத்த வேலை சரக்கு லாரிப் பிரிவில். கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

1944 கடைசியில் காலாட்படைக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. கறுப்பினச் சிப்பாய்களும் விருப்பத்தின் பேரில் வரலாம் என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. சார்ஜென்ட் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைநிலைச் சிப்பாயாக வரவேண்டும். எந்தக் கறுப்பினத்தவரும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு உத்தரவு போடும் நிலை வந்துவிடக்கூடாது அல்லவா! சாவதற்குப் போவதற்கே பதவியிறக்கம் கேட்டார்கள். கார்ட்டர் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

1945 மார்ச் 23, ஜெர்மனியின் ஸ்பேயர் நகருக்கு அருகில். கார்ட்டர் ஏறி வந்த டாங்கி தாக்கப்பட்டது. மூன்று பேரை அழைத்துக்கொண்டு திறந்த வெளியைக் கடந்தார். அதில் இருவர் இறந்தார்கள், ஒருவர் காயம்பட்டார். கார்ட்டர் தனியாக முன்னேறி ஐந்து இடங்களில் குண்டு வாங்கி விழுந்தார். பிடிக்க வந்த எட்டு ஜெர்மானியரில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார். மிச்சம் இருவரைக் கேடயமாக நிறுத்தி அதே வெளியைக் கடந்து திரும்பினார். அவர்களிடமிருந்து முக்கியமான தகவல்களும் கிடைத்தன. டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் கொடுத்தார்கள்.

போருக்குப் பிறகும் படையில் தொடர்ந்தார். 1949-இல் பணியை நீட்டிக்கக் கேட்டபோது மறுத்தார்கள். காரணம் சொல்லவில்லை. கடிதம் எழுதினார், சட்ட உதவி தேடினார், பதில் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1963-இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

1996-இல் விருது பற்றிய செய்தி வந்ததும் அவருடைய மருமகள் அலீன் கார்ட்டர் பழைய காகிதங்களைக் கிளறத் தொடங்கினார். நம் ஆர்டிஐ போல அங்கே இருக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு இரகசியக் கோப்புகளை வாங்கினார். போர் நடந்துகொண்டிருந்தபோதே இராணுவ உளவுப்பிரிவு கார்ட்டரை வேவு பார்த்திருந்தது. ஸ்பெயினில் பாசிசத்தை எதிர்த்தது, சீன மொழி தெரிந்தது எல்லாம் கம்யூனிஸ்ட் சந்தேகத்துக்குக் காரணம். குற்றம் என்று சொல்ல ஒரு வரிகூடக் கோப்பில் இல்லை.

1997 ஜனவரி 13 அன்று வெள்ளை மாளிகையில் மெடல் ஆஃப் ஹானரை மகன் வாங்கினார். மறுநாள் உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் மறு அடக்கம் செய்யப்பட்டது. அலீன் அதோடு விடவில்லை. வீரர் என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் விசுவாசமில்லாதவர் என்று எழுதி வைத்தது அப்படியே இருந்தது. மேலும் இரண்டரை ஆண்டுக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தார். கிளின்டனின் மன்னிப்புக் கடிதம் வந்தது. 1999 நவம்பரில் தரைப்படையின் துணைத் தலைமைத் தளபதி ஜான் கீன் குடும்பத்தை நேரில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். திருத்திய பணிப்பதிவேட்டைக் கொடுத்தார். கூடவே மூன்று பதக்கங்கள்: அமெரிக்கன் கேம்பெய்ன் மெடல், கறுப்பும் சிவப்பும் கொண்ட ஆக்கிரமிப்புப் படைப் பதக்கம், மும்மூன்று வெள்ளைக் கோடுகளோடு குட் காண்டக்ட் மெடல்.