அருண் பட்கே

அருண் பட்கே (பிறப்பு: 1938, குவாலியர், இந்தியா) அமெரிக்காவில் மின்திறன் அமைப்புகள் துறையில் ஆய்வு செய்த மின்பொறியாளர் ஆவார். ஒரு மின்கட்டமைப்பின் தொலைதூர இடங்களில் உள்ள மின்னழுத்தங்களை ஒரே கணத்தில் அளந்து ஒப்பிட உதவும் ஃபேசர் அளவீட்டுக் கருவியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராக அறியப்படுகிறார்.

கல்வியும் பணியும்

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1959 இல் பொறியியல் பட்டமும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1964 இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1969 முதல் அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர் நிறுவனத்தில் பணியாற்றினார். 1982 இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கணினிவழிக் காப்பு

மின்தொடரில் பழுது நேர்ந்தால் அதனை உணர்ந்து, தொடரைத் துண்டிக்க ஆணையிடும் கருவி ரிலே எனப்படும். 1970களில் இப்பணியைக் கணினியிடம் ஒப்படைக்க முயன்றபோது அக்காலக் கணினிகளின் வேகம் போதவில்லை. மும்முனைத் தொடரில் ஏற்படக்கூடிய பத்து வகைப் பழுதுகளைக் கண்டறிய ஆறு சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. பட்கேயும் உடன் பணியாற்றியோரும் சமச்சீர் கூறுகள் முறையைக் கொண்டு இவற்றை ஒரே சமன்பாடாகச் சுருக்கி, 1977 இல் வெளியிட்டனர்.

இம்முறையில் மின்னழுத்தத்தின் நேர்வரிசைக் கூறு தொடர்ந்து கணக்கிடப்பட்டது. மின்கட்டமைப்பு முழுவதன் நிலையை அறியத் தேவையான அளவும் அதுவே. காப்புப் பணியின் துணை விளைவாகக் கிடைத்த இவ்வளவு, பின்னர் தனி ஆய்வுத்துறையாக வளர்ந்தது.

ஒரே கணத்தில் அளவிடல்

மாறுதிசை மின்னழுத்தத்தின் வீச்சையும் கட்டக்கோணத்தையும் சேர்த்துக் குறிப்பது ஃபேசர் ஆகும். இரு இடங்களுக்கிடையே பாயும் மின்திறன் பெரிதும் அவற்றின் கோண வேறுபாட்டைப் பொறுத்தது. வேறுபாடு அளவு மீறினால் கட்டமைப்பு ஒத்திசைவை இழந்து பிளவுபடலாம். வீச்சை மட்டும் அளப்பவருக்கு இவ்வாபத்து உரிய நேரத்தில் புலப்படாமல் போகலாம்.

கோணங்களை ஒப்பிட, எல்லா இடங்களின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். 50 ஏர்ட்சு அதிர்வெண்ணில் ஒரு மில்லிநொடிப் பிழை 18 பாகைப் பிழையாகிறது. ஒரு மைக்ரோநொடிப் பிழையோ 0.018 பாகை மட்டுமே. இத்துல்லியத்தை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் நேரக்குறிப்பு அளித்தது. இதன் அடிப்படையில் 1988 இல் வர்ஜீனியா டெக்கில் முதல் கருவிகள் உருவாயின. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தோர்ப் இவ்வாய்வுகளில் பட்கேயின் நெருங்கிய கூட்டாளி ஆவார்.

முக்கியத்துவம்

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்களைப் பாதித்த மின்தடை இவ்வளவீட்டின் தேவையை உணர்த்தியது. பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாததால், எந்தத் தொடர் முதலில் துண்டிக்கப்பட்டது, எது பின்னர் என்று வரிசைப்படுத்துவதே விசாரணையாளர்களுக்குக் கடினமாயிற்று. நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகள் வேண்டுமென இரு நாட்டுக் கூட்டுக்குழு 2004 இல் பரிந்துரைத்தது.

நூல்களும் விருதுகளும்

தோர்ப்புடன் இணைந்து கணினிவழிக் காப்பு பற்றி 1988 இலும், ஒத்திசைந்த ஃபேசர் அளவீடு பற்றி 2008 இலும் நூல்கள் எழுதினார். 2008 இல் இருவருக்கும் மின்பொறியியலுக்கான பெஞ்சமின் பிராங்க்ளின் பதக்கம் வழங்கப்பட்டது.