ஜேம்ஸ் டேவன்போர்ட்

ஜேம்ஸ் டேவன்போர்ட் (1716 - 1757) என்பவர் வட அமெரிக்காவின் பிரித்தானியக் குடியேற்றங்களில் வாழ்ந்த கிறித்தவப் போதகர் ஆவார். 1740களில் அங்கு பரவிய முதலாம் பெரும் எழுப்புதல் என்னும் சமய இயக்கத்தின் மிகத் தீவிரமான பிரசங்கியாராக இவர் அறியப்படுகிறார். 1743 இல் சமய நூல்களை எரிக்கச் செய்த இவர், மறு ஆண்டே தம் செயல்கள் தவறானவை என அச்சிட்டு அறிவித்தார். பக்தி வைராக்கியமும் பகுத்தறிதலும் பிரிந்தால் நேரும் விளைவுக்கு இவரது வாழ்க்கை எடுத்துக்காட்டாக அமைகிறது.

தொடக்க வாழ்க்கை

டேவன்போர்ட் கனெடிகட்டிலுள்ள ஸ்டாம்போர்டில் பிறந்தார். யேல் கல்லூரியில் பயின்று 1732 இல் பட்டம் பெற்றார். 1738 இல் லாங் தீவிலுள்ள சவுத்தோல்ட் சபையின் போதகரானார். ஜார்ஜ் விட்ஃபீல்டு, கில்பர்ட் டெனன்ட் ஆகியோரின் எழுப்புதல் பிரசங்கங்களால் ஈர்க்கப்பட்டு, 1741 முதல் தாமும் ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தார்.

தீவிரப் போக்கு

தம் மனத்தில் திடீரென எழும் தூண்டுதல்களைத் தூய ஆவியின் கட்டளைகளாக டேவன்போர்ட் கருதினார். பல போதகர்களை மனந்திரும்பாதவர்கள் எனப் பெயர் சொல்லிக் கண்டித்தார். அவர்களை விட்டுப் பிரியுமாறு மக்களைத் தூண்டினார். 1742 இல் கனெடிகட்டில் கைது செய்யப்பட்டார். அப்பகுதியின் சட்டமன்றம் இவரை மனநிலை பாதிக்கப்பட்டவர் எனக் கருதித் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரிலும் கைதாகி, அதே காரணத்தால் விடுவிக்கப்பட்டார்.

1743 மார்ச் 6 அன்று நியூ லண்டன் நகரில் இவரது தூண்டுதலால் சமய நூல்கள் தெருவில் எரிக்கப்பட்டன. இன்கிரீஸ் மேதர், ஜான் பிளாவெல் போன்ற மதிப்புமிக்க இறையியலாளர்களின் நூல்களும் அவற்றுள் அடங்கும். மறுநாள் ஆடம்பர ஆடைகளும் குவிக்கப்பட்டன.

பகுத்தறிதல் பற்றிய விவாதம்

இத்தகைய நிகழ்வுகளால் எழுப்புதல் முழுவதுமே ஐயத்துக்கு உள்ளாகியது. பாஸ்டன் போதகர் சார்லசு சான்சி, உணர்ச்சிகளை அறிவே ஆள வேண்டும் என வாதிட்டு 1743 இல் நூல் வெளியிட்டார்.

இறையியலாளர் ஜொனதன் எட்வர்ட்சு வேறொரு விடை அளித்தார். கண்ணீர், நடுக்கம், உரத்த குரல் போன்றவை இறைவனின் செயலை மெய்ப்பிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை என்று 1741 இல் யேலில் ஆற்றிய உரையில் விளக்கினார். யோவானின் முதலாம் திருமுகம் 4 ஆம் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு ஐந்து அடையாளங்களை முன்வைத்தார். அவையாவன:

1. இயேசுவின் மீதான மதிப்பு உயர்தல்
2. பாவத்துக்கு எதிராகச் செயல்படுதல்
3. திருமறையின் மீது மதிப்பு பெருகுதல்
4. உண்மைக்கு வழிநடத்துதல்
5. இறைவனிடத்தும் மனிதரிடத்தும் அன்பு வளர்தல்

இக்கருத்தை 1746 இல் வெளியான சமய உணர்வுகள் பற்றிய நூலில் மேலும் விரித்துரைத்தார்.

தவறை ஏற்றல்

சாலமன் வில்லியம்சு, எலியேசர் வீலாக் ஆகிய போதகர்கள் டேவன்போர்ட்டுடன் பேசி அவரை மாற்றினர். 1744 இல் வெளியிட்ட அறிக்கையில், போதகர்களைத் தீர்ப்பிட்டமை, சபைகளைப் பிரித்தமை, மனத் தூண்டுதல்களைப் பின்பற்றியமை, நூல்களை எரித்தமை ஆகியவற்றைத் தவறுகளாக ஏற்றார். தம்மை நடத்தியது பொய்யான ஆவி என்றும் குறிப்பிட்டார். எனினும் எழுப்புதல் இறைவனின் செயலே என்பதை அவர் மறுக்கவில்லை.

பிற்காலத்தில் நியூ செர்சியில் அமைதியாகப் பணியாற்றினார். 1754 இல் நியூயார்க் பிரெசுபிட்டேரியன் ஆயர் மன்றத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1757 இல் காலமானார்.