பில் பிரைட், வோனெட் பிரைட்

பில் பிரைட் (அக்டோபர் 19, 1921 – ஜூலை 19, 2003), வோனெட் பிரைட் (ஜூலை 2, 1926 – டிசம்பர் 23, 2015) ஆகியோர் கல்லூரி மாணவரிடையே கிறித்தவ ஊழியம் செய்த அமெரிக்கத் தம்பதியர் ஆவர். இவர்கள் 1951 இல் கேம்பஸ் குருசேட் ஃபார் கிரைஸ்ட் என்னும் அமைப்பை நிறுவினர்.

வாழ்க்கை

இருவரும் ஒக்லகோமா மாநிலத்திலுள்ள கோவேட்டாவில் பிறந்தவர்கள். பில் கலிபோர்னியாவில் இனிப்புப் பண்ட வணிகம் செய்தார். ஹாலிவுட் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையில் ஹென்ரியேட்டா மியர்ஸ் என்பவரின் போதனை அவரை ஈர்த்தது. வோனெட் முதலில் அவரது சமய ஈடுபாட்டை ஐயத்துடன் நோக்கினார். மியர்சுடன் உரையாடிய பின்னரே உடன்பட்டார். 1948 டிசம்பரில் இவர்களது திருமணம் நடைபெற்றது.

ஒப்பந்தம்

1951 இல் தம் வாழ்வையும் உடைமைகளையும் இறைவனிடம் ஒப்படைப்பதாக இருவரும் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். அதன்பின் பில் இறையியல் படிப்பை முடிக்காமலேயே விட்டுவிட்டு, லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஊழியத்தைத் தொடங்கினார். ஆசிரியராகப் பணியாற்றிய வோனெட்டும் அதில் இணைந்தார்.

பணிகள்

நற்செய்தியை நான்கு கூற்றுகளாகச் சுருக்கி, மாணவர்கள் பிறரிடம் எளிதில் விளக்குமாறு பில் ஒரு சிறுநூல் எழுதினார். 1972 இல் டாலஸ் நகரில் இவ்வமைப்பு நடத்திய எக்ஸ்ப்ளோ மாநாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் பங்கேற்றனர். லூக்கா நற்செய்தியைத் தழுவி 1979 இல் வெளியான இயேசு திரைப்படத்திற்கும் பில் முன்முயற்சி எடுத்தார். அப்படம் தமிழ் உட்பட ஆயிரத்திற்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிமாற்றம் பெற்றுள்ளது.

அமெரிக்க தேசிய மன்றாட்டு நாளை மே மாத முதல் வியாழக்கிழமையாக நிலைப்படுத்திய 1988 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வோனெட் பெரிதும் உழைத்தார்.

1996 இல் பில் டெம்பிள்டன் பரிசு பெற்றார். பத்து இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட அப்பரிசுத் தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், நோன்பையும் மன்றாட்டையும் பரப்பும் பணிக்கு வழங்கினார். அமெரிக்காவில் இவ்வமைப்பின் பெயரைக் குரூ என மாற்றும் முடிவு 2011 இல் அறிவிக்கப்பட்டது.