கஞ்சாவும் அரசும்: தடை, வரி, ஏற்றுமதி பற்றிய சில குறிப்புகள்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குதல் பற்றிய விவாதம் இலங்கையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை ஒட்டியே வலுப்பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டு நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், ஏற்றுமதிக்கென மாத்திரம் கஞ்சா பயிரிடுவது குறித்து ஆராய நிபுணர் குழுவொன்றைப் பிரேரித்தது. ஆதரித்தோர் அந்நியச் செலாவணியைப் பற்றிப் பேசினர். எதிர்த்தோர் பண்பாட்டைப் பற்றிப் பேசினர். யார் பயிரிடுவார், யார் விற்பார், உபரி யாரைச் சென்றடையும் என்ற வினாக்களை இரு சாராருமே எழுப்பவில்லை.

வரலாற்றில் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடைகள் உண்டு. 1893இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மதுவிலக்காளரான கெயின் எழுப்பிய வினாவின் விளைவாக இந்தியக் கஞ்சா ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1193 சாட்சிகளை விசாரித்து 1894இல் அது அறிக்கை தந்தது. மிதமான பாவனை பெருந்தீங்கு பயப்பதில்லை, முழுத்தடை வேண்டுவதில்லை, உரிமமும் வரியுமே தக்கவை என்பன அதன் முடிபுகள். அறிக்கையின் விசாரணை முறையை இன்றும் பாராட்டலாம். ஆயினும் கஞ்சா வரி குடியேற்ற அரசின் கலால் வருமானத்தில் ஒரு கூறாக இருந்ததை மறந்து அம்முடிபை வெறும் அறிவியல் நேர்மையாகக் கொள்வது பேதைமை. (சமயத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்சை மேற்கோள் காட்டுவோர், 1858இல் அவர் அபின் வணிகம் பற்றியே எழுதிய பத்திரிகைக் கட்டுரைகளை ஏனோ வாசிப்பதில்லை.)

அவ்வாணைக்குழு ஆராய்ந்த பிரதேசங்களுள் வங்காளத்து நவுகாவ் முக்கியமானது. அங்கு உரிமம் பெற்ற சிறு விவசாயிகள் கஞ்சா பயிரிட்டனர்; விளைச்சல் அரச கண்காணிப்பிலுள்ள களஞ்சியங்களுக்குச் சென்றது. இடைத்தரகரின் பிடி அவர்களை நெரித்தது. 1917இல் அவ்விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. விற்பனையைச் சங்கம் கையேற்றது. ஈட்டிய பணத்தில் பாடசாலைகளும் மருத்துவ நிலையங்களும் வீதிகளும் எழுந்தன. பங்களாதேசத்தில் 1987இல் பயிர்ச்செய்கை தடைசெய்யப்படும்வரை அச்சங்கத்தின் தொழில் நீடித்தது. சட்டபூர்வமான கஞ்சா, உற்பத்தியாளனுக்கே பயன்தரக்கூடிய ஓர் அமைப்பினுள் இயங்கியமைக்கு இதனைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. நமது விவாதத்தில் நவுகாவின் பெயர் ஒருமுறையேனும் அடிபடாதது வியப்பன்று.

இலங்கையின் வழி வேறு. இங்கே போதைப்பொருளின் வரலாறு பெரிதும் சாராயக் குத்தகையின் வரலாறே. குத்தகையால் திரண்ட செல்வம் உள்நாட்டு முதலாளி வர்க்கத்தின் தோற்றத்துக்கு எவ்வாறு துணைநின்றது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் நிறுவியுள்ளார். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தின் தலைமையில் அவ்வர்க்கத்தின் வாரிசுகளும் இருந்தனர் என்பது வரலாற்றின் நகை. கஞ்சாவோ 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் குற்றமாயிற்று. 1925இன் ஜெனீவா உடன்படிக்கை அதற்குச் சர்வதேசப் பின்னணி. 1961இன் தனி உடன்படிக்கை அத்தடையை மேலும் இறுக்கியது.

அதே 1961இல் இலங்கையில் நிறைவேறிய 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, நாட்டு வைத்தியம் ஆகியவற்றையும் ஆயுர்வேதத்துள் அடக்கியதோடு, மருந்து தயாரிப்புக்குக் கஞ்சா வழங்கவும் இடமளித்தது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் வாழைச்சேனையில் சித்த வைத்தியரும் யுனானி வைத்தியரும் ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றனர். ஆனால் மருந்துக்கான கஞ்சா எங்கிருந்து வந்தது? வழக்குகளில் கைப்பற்றப்பட்ட சான்றுப்பொருளிலிருந்து அது ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு வழங்கப்பட்டது. நீதவான் முன்னிலையில் கூலித்தொழிலாளியைக் குற்றவாளியாக்கிய பொருளே லேகியத்துக்கு மூலப்பொருளாகிறது!

வாழைச்சேனையிலிருந்து நோக்கும்போது இன்னொரு ஒப்பீடும் எழுகிறது. 1956இல் இங்கு உற்பத்தி தொடங்கிய அரச காகித ஆலை, உழவனின் களத்தில் எஞ்சிய வைக்கோலுக்கு விலை தந்தது. குறைகள் பல இருப்பினும், சூழவுள்ள விவசாயத்தோடு பிணைந்த கைத்தொழில் அது. பிற்காலத்தில் அது நலிந்து பல்லாண்டுகள் மூடிக்கிடந்தது. அண்மையிலுள்ள கல்குடாவிலோ 2017இல் மக்கள் எதிர்த்துப் போராடியது எரிசாராய ஆலையொன்றை. எதனை வளர்க்கவேண்டும், எதனைக் கைவிடவேண்டும் என்று அரசு கொள்ளும் தெரிவுகளில் ஒழுக்கத்தின் பங்கு சொற்பமே.

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்குகளால் கஞ்சாவை 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து நீக்கியது. மருத்துவக் கஞ்சாவுக்கான உலகச் சந்தையும் விரிந்து வந்தது. இப்பின்னணியில் 2025இல் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட முதலீட்டுச் சபை அனுமதியளித்தது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு, இடம் மீரிகம. விளைச்சல் முழுவதும் நாட்டுக்கு வெளியே செல்லவேண்டும் என்பது நிபந்தனை. மொனராகலை, அம்பாறைக் காடுகளில் சேனை வெட்டி அதே செடியை வளர்க்கும் ஏழை விவசாயிக்கு 1929இன் சட்டம் அப்படியே இருக்கிறது. கூட்டுறவு அமைத்து உரிமம் கேட்கும் வழி அவனுக்குத் திறக்கப்படவில்லை.